அவர் கையில் மட்டும்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்குக் காத்து ஆகாது. இந்த மஞ்சப்பையை மட்டும் மேல வச்சிருங்க, உங்களுக்குத்தான் கை எட்டும். நெட்டுக்குத்தலா வையுங்க, சாயக்கூடாது. ஆங், அப்படித்தான். இந்தத் தோல் பை என் மடியிலயே இருக்கட்டும். முப்பத்தோரு வருசம் மடியில இருந்த பை. எறக்கி வச்சா எனக்குக் கை எங்க வைக்கறதுன்னு தெரியாது.

திருப்பூருங்களா? நானும் அந்தப் பக்கம்தான். ஊத்துக்குளி தாண்டி நாலாவது ஸ்டாப்பு. பனியன் கம்பெனி ஒண்ணு இருக்குது, பொம்பளைப் புள்ளைங்க தங்கற ஹாஸ்டலோட. அங்க ஒரு ஆளைப் பார்க்கணும். சொந்தம் இல்லைங்க. வேலை. சர்க்கார் வேலையும் இல்லை, நான் ரிட்டயர்டாகி ஆறு வருசமாச்சு.

இன்கம்டாக்ஸ் ஆபீசுல இருந்தேன். உடனே நிமிர்ந்து உக்காராதீங்க, ஆபீசர் எல்லாம் இல்லை. நோட்டீஸ் சர்வர். ஆபீசர் ஏசியில உக்காந்து கையெழுத்துப் போடுவாரு, அதை வீடு தேடிக் கொண்டுபோய்க் குடுக்கறது இந்தச் சென்னியப்பன். எந்த ஆபீசுன்னு கேக்காதீங்க, அது எதுக்கு. ஜில்லாவுல நான் மிதிக்காத வாசப்படி இல்லை, அவ்வளவு தெரிஞ்சாப் போதும்.

முப்பத்தோரு வருசத்துல ஒருத்தராவது என்னைப் பார்த்துச் சிரிச்சு வாங்கன்னு சொல்லியிருப்பாங்களா? சொன்னதில்லைங்க. ரைஸ்மில் ஓனர் ஒருத்தர் நான் வர்றதைப் பார்த்துட்டு நெல் கொட்டற குதிருக்குள்ள எறங்கி உக்காந்துக்கிட்டாரு. நகைக்கடைக்காரர் சம்சாரம் ஒண்ணு மண்ணை வாரித் தூத்துச்சு. நாய் ரெண்டு தடவை கடிச்சிருக்குது. அந்தத் தழும்பு இன்னும் இருக்குது, பஸ்சுல வேட்டியைத் தூக்கிக் காட்ட முடியாது. நான் என்ன பண்ணினேன்? யாரோ எழுதினதை யாருக்கோ கொண்டுபோய்க் குடுத்தேன். ஆனா சாபம் பூராவும் எனக்கு.

ஆனா வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. அதுக்குன்னு முறை இருக்குதுங்க. ஆள் இருந்தா ஆள் கையில. ஆள் இல்லைன்னா வீட்டுல வயசு வந்தவங்க யாராச்சும் ஒருத்தர் கையில. கையெழுத்துத் தெரியாதுன்னா கைரேகை, அதுக்கு ரெண்டு சாட்சி. வாங்க மாட்டேன்னு சொன்னா ரெண்டு சாட்சியை வச்சுக்கிட்டுக் கதவுல ஒட்டிட்டு வந்துட்டே இருக்கலாம். மைப் பொட்டி, பசை, பேனா எல்லாம் என் சொந்தக் காசுல வாங்கி இந்தப் பையிலயே வச்சிருப்பேன். என் கைக்கு வந்த நோட்டீசுல போய்ச் சேராமத் திரும்புனது ஒண்ணுகூட இல்லை. இல்லைன்னு சொல்லக்கூடாது. ஒண்ணே ஒண்ணு. அதுக்குத்தான் இப்பப் போறேன்.

கேக்கறீங்களா? கேளுங்க, ஊத்துக்குளி வரைக்கும் நேரம் இருக்குதே.

ஒரு புள்ளை. பேரைச் சொல்ல மாட்டேன், பொம்பளைப் புள்ளை விசயம், அதெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்றதில்லை. ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருல வாக்கப்பட்டிருந்துச்சு. புருசன் லாரி டிரைவர். மாமியா பாவாயின்னு பேரு, ரெண்டு மாடு, அரை ஏக்கரு. கைப்புள்ளை ஒண்ணு. இப்படி ஒரு குடும்பத்துக்கு எங்க ஆபீசுல என்னங்க வேலை? ஆனா பேங்க்ல இருந்து ஒரு தகவல் வந்துச்சு. அந்தப் புள்ளை பேருல ஏழு லட்சம் டெபாசிட்டுல கெடக்குது, வட்டி ஏறிட்டே இருக்குது, ஆனா பான் கார்டு இல்லை, கணக்குக் காட்டலை. பான் கார்டு இல்லைன்னா பேங்க்காரன் வட்டியில அஞ்சுல ஒரு பங்கை வரின்னு புடிச்சு எங்களுக்கு அனுப்பிருவான். மூணு வருசமாப் புடிச்சிருக்கான். எங்க ஆபீசுல இருந்து, இந்த ஏழு லட்சம் எப்படி வந்துச்சு, வந்து வெளக்கம் சொல்லுன்னு ஒரு நோட்டீஸ்.

நான்தான் கொண்டுபோனேன். மாட்டுத் தொட்டியில தண்ணி ஊத்திட்டு இருந்துச்சு. பேரைக் கேட்டேன். ஆமான்னுச்சு. பேப்பரைக் குடுத்தேன். வாசிச்சுது. வாசிக்க வாசிக்க மொகம் வெளுத்துப் போச்சுங்க. ஆனா கையெழுத்து, தம்பி, முத்து முத்தா. நான் எத்தனை கையெழுத்துப் பார்த்திருக்கேன். போட்டுட்டுப் பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, "ஐயா, இந்த வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதீங்கய்யா"ன்னுச்சு. நான் ஏன் சொல்றேன்? சொல்ற ஆளா நான்? வாயைத் தைச்ச மாதிரி வந்துட்டேன்.

அடுத்த வாரமே ஆபீசுக்கு வந்துருச்சு. நாலு மாசக் கொழந்தையோட, மூணு பஸ்சு மாறி. ரேசன் கடை சர்க்கரைப் பையில கோர்ட் பேப்பரைச் சுத்தி, அதை ஒரு கொழந்தைத் துணியில சுத்திக் கொண்டு வந்திருந்துச்சு. எங்க மேடம் அப்ப புதுசா வந்தவங்க, சின்ன வயசு, பேச்சு மெதுவா இருக்கும். ரூம்புல உக்கார வச்சுக் கேட்டாங்க. நான் ஒட்டுக் கேக்கலைங்க. பீரோவுக்குப் பக்கத்துல நின்னா எல்லாம் காதுல விழுகும். அது என் தப்பா?

பதினேழு வயசுல ஒரு பொம்பளை வீட்டு வேலைக்குன்னு வடக்க எங்கியோ கூட்டிட்டுப் போயிருக்கா. வீட்டு வேலை இல்லை. என்ன எடம்னு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே புரியும். ரெண்டு வருசம். ஒரு ரூம்பு, வெளியில பூட்டு. பொறவு போலீசும் ஏதோ சங்கத்துக்காரங்களும் போய் மீட்டிருக்காங்க. கேசு நடந்துருக்குது, இது கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லியிருக்குது. அந்தப் பொம்பளைக்கு செயிலு. இதுக்கு ஏழு லட்சம் நஷ்டஈடுன்னு கோர்ட்டே பேங்க்ல போட்டு வச்சிருச்சு. திரும்பி வந்தப்ப அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. பெரியம்மா ஒருத்திதான் கல்யாணம் பண்ணி வச்சிருக்கா. அப்பன் லாரியில அடிபட்டுச் செத்துப்போனான், அந்தக் காசு பேங்க்ல இருக்குதுன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லியிருக்கா. கட்டிக்கிட்டவனுக்கும் அதேதான் தெரியும்.

மேடம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. அப்பறம் சொன்னாங்க, "இது வருமானம் இல்லைம்மா. நீ பட்டதுக்குக் குடுத்தது. இதுக்கு வரி கெடையாது. வட்டியில புடிச்சதையும் திரும்பி வர வைக்கறேன், இனிமேப் புடிக்காம இருக்க ஒரு உத்தரவும் போட்டுத் தர்றேன். அதை பேங்க்ல காட்டு." அதுக்கு அந்தப் புள்ளை என்ன சொல்லணும்? கையெடுத்துக் கும்புடணும். அது சொல்லுது, "காசு வந்தா வருது, வராட்டிப் போகுது மேடம். காயிதம் மட்டும் வீட்டுக்கு வரக்கூடாது. மாசாமாசம் ரெண்டாவது புதங்கிழமை பாப்பாவுக்கு ஊசி போட ராசிபுரம் வருவேன். அப்படியே பஸ் ஏறி வந்து நானே வாங்கிக்கறேன்."

மேடம் செவப்பு மையில ஃபைல் மேலயே எழுதிட்டாங்க. அவர் வரும்போது அவர் கையில் மட்டும் கொடுக்கவும். அடியில ரெண்டு கோடு.

நான் அதைப் படிச்சேன். படிக்கலைன்னு எங்கயும் சொல்லலை, விசாரணையிலயும் சொல்லலை.

உத்தரவு தயாராக ரெண்டு மாசம் ஆச்சு. மேடம் கையெழுத்துப் போட்டுட்டு டிரெய்னிங்குன்னு சென்னை போயிட்டாங்க, பத்து நாள். பேப்பர் என் தட்டுல கெடக்குது. காலண்டரைப் பார்த்தேன். அடுத்த ரெண்டாவது புதங்கிழமைக்கு இன்னும் பத்தொம்பது நாள் இருக்குது. எனக்கு மனசு கேக்கலைங்க. ஏனுங்க தம்பி, கைக்கொழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு மூணு பஸ்சு மாறி, அந்த வெயில்ல, நாப்பது கிலோமீட்டர். எதுக்கு? நல்ல சேதிதானே. இது மட்டும் வரி கட்டுன்னு சொல்ற பேப்பரா இருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

உங்களுக்குச் சொன்னாப் புரியும். முப்பது வருசமாக் கெட்ட சேதி கொண்டுபோன கையி. ரிட்டயர்டுக்கு ஆறு மாசம் இருக்குது. ஒரே ஒரு தடவை, ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னு, உங்களுக்குக் காசு வருது, சர்க்கார் உங்ககிட்ட எதுவும் கேக்கலைன்னு சொல்லிப் பார்க்கணும்னு ஆசை வந்துருச்சு. அவங்க மொகத்தைப் பார்க்கணும். அவ்வளவுதான். அது தப்பா?

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல அரைக் கிலோ ஜாங்கிரி வாங்குனேன். என் காசு.

போனா அந்தப் புள்ளை இல்லை. புல்லு அறுக்கப் போயிருக்குது. மாமியா மட்டும் வாசல்ல கடலைக்காய் ஒடைச்சுட்டு இருந்துச்சு. நல்ல மனுசிதாங்க. உக்காரச் சொல்லிச்சு, மோர் குடுத்துச்சு. முப்பத்தோரு வருசத்துல எனக்கு மோர் குடுத்த ஒரே வீடு அதுதான். நான் ஜாங்கிரியைக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டுச்சு. உங்க மருமவளுக்கு ஒரு நல்ல காரியம் நடந்துருக்குதுன்னேன். சரி, கொஞ்சம் பொறுத்திருந்தா அந்தப் புள்ளை வந்திருக்கும்தான். ஆனா ரெண்டரை மணி பஸ்சை விட்டா எனக்கு ஆறு மணிக்குத்தான் பஸ்சு.

வீட்டுல வயசு வந்தவங்க கையில குடுக்கலாம். சட்டம் அது. நான் போட்ட சட்டம் இல்லை. அந்தம்மாவுக்குக் கையெழுத்து வராது. அப்ப கைரேகை. கைரேகைன்னா ரெண்டு சாட்சி. எதிர்வீட்டுக்காரர் வண்டி தொடைச்சுட்டு இருந்தாரு, கூப்பிட்டேன். பால் சொசைட்டியில கணக்கு எழுதற ஒருத்தர் சைக்கிள்ல போனாரு, அவரையும் நிறுத்துனேன். அவரு என்ன சொல்றாரு, "என்னன்னு தெரியாம எப்படிங்க கையெழுத்துப் போடறது?" நியாயம்தானே? நாளைக்கு ஏதாவதுன்னா அவரைத்தானே கூப்பிடுவாங்க. பேப்பரு இங்கிலீசுல இருக்குது. அதனால நான் தமிழ்ல வாசிச்சேன்.

முழுசா வாசிச்சேங்க. எனக்கு அரைகுறையா எதையும் செய்ய வராது. இன்ன கோர்ட்டு, இன்ன வருசம், கடத்திட்டுப் போய் வச்சிருந்து பாதிக்கப்பட்டதுக்காகக் குடுத்த இழப்பீடு, இது வருமானம் ஆகாது. எல்லாம். எதிர்வீட்டுக்காரர் கேட்டாரு, "கோர்ட்டா? இந்தப் புள்ளை என்ன பண்ணுச்சு?" எனக்குக் கோவம் வந்துருச்சு. இப்படி ஒரு பேச்சு அதுமேல வரலாமா? ஐயா, குத்தம் பண்ணினது இந்தப் புள்ளை இல்லை, குத்தம் நடந்தது இந்தப் புள்ளைக்குன்னு சொல்லி, ஒண்ணு விடாம வெளக்குனேன். அந்த ரூம்பு, பூட்டு, ரெண்டு வருசம், சாட்சி சொன்னது. பீரோ பக்கத்துல நின்னு கேட்டதெல்லாம் அன்னிக்கு உதவுச்சு. எவ்வளவு தைரியமான புள்ளை தெரியுமான்னு கேட்டேன். அந்த ஊருல அதுக்காக அப்படிப் பேசுன ஆளு நான் ஒருத்தன்தான் தம்பி.

மாமியா எல்லாத்தையும் கேட்டுச்சு. கத்தலை, அழுகலை. "அப்படியா"ன்னு மட்டும் சொல்லிச்சு. கட்டைவிரலை நீட்டுச்சு. மையைத் தடவி நானே அமுக்குனேன். நல்லாப் பதிஞ்சுது. மோர் டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிருச்சு. அமைதியா வாங்கிக்கிச்சே, பக்குவமான பொம்பளைன்னு நெனைச்சேன்.

நான் கெளம்பறப்பத்தான் அந்தப் புள்ளை வருது. தலையில புல்லுக்கட்டு, இடுப்புல கொழந்தை. எனக்கு ஒரே சந்தோசம். "அம்சவேணி, உன் வேலை முடிஞ்சுது அம்மிணி, நானே கொண்டாந்துட்டேன்"னேன். அது என் பையைப் பார்த்துச்சு. எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துச்சு. பால் சொசைட்டிக்காரரு சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு அங்கயேதான் நிக்கறாரு. தின்னுட்டு இருந்த ஜாங்கிரியை அவரு கீழ எறக்குனாரு.

"வாசிச்சீங்களாய்யா?"ன்னு கேட்டுச்சு.

"முழுசா வாசிச்சேன்."

புல்லுக்கட்டை எறக்கி வச்சுது. போடலைங்க, எறக்கி வச்சுது. மெதுவா, செவுத்தோரமா, ஒரு தண்டுகூடச் சிந்தாம. எறக்கி வச்சுட்டு அது மேலயே கையை வச்சுக்கிட்டு நின்னுச்சு. "நான் மேடம்கிட்டச் சொல்லியிருந்தனே"ன்னுச்சு. வெயில்ல நீ அலையக்கூடாதுன்னுதான் அம்மிணின்னேன். எனக்கு பஸ்சுக்கு நேரமாயிருச்சு. வந்துட்டேன்.

பேரைச் சொல்லிட்டனா? சரி, நீங்க யாரோ, அது யாரோ. உங்ககிட்டச் சொல்றதுல என்ன ஆகப்போகுது.

அப்பறம் நடந்ததெல்லாம் நான் காதுல கேட்டதுதான். புருசங்காரன் நாலு நாள் கழிச்சு லோடு எறக்கிட்டு வந்திருக்கான். ஒண்ணும் கேக்கலையாம். அடிக்கலையாம். அது வச்ச சோத்தைத் திங்கலையாம், அவ்வளவுதான். மூணு நாளு அது வடிக்க வடிக்க மாட்டுத் தொட்டியிலதான் கொட்டியிருக்காங்க. ஊருல பொம்பளைங்க தண்ணிக் கொழாயில கொடத்தை நகட்டி வச்சிருக்காங்க. எட்டாம் நாளு அதோட சீலைதுணியை உரச் சாக்குல கட்டி வாசப்படிக்கு வெளிய வச்சுட்டாங்க. கொழந்தையை மாமியா தூக்கிட்டு உள்ள போய்த் தாழ்ப்பாப் போட்டுக்கிச்சு. எங்க வீட்டுப் புள்ளை, உன்கூட அனுப்ப முடியாதுன்னு.

இதுல என் தப்பு எங்க இருக்குது, சொல்லுங்க? ஜனங்க இப்படி இருந்தா நான் என்ன பண்றது? அந்தக் கெழவிக்கு மனசு இல்லை. அந்த லாரிக்காரனுக்கு ரோசம் இருக்குதே தவிர புத்தி இல்லை. இன்னும் சொல்லப்போனா அந்தப் புள்ளையும் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். மறைச்சு வச்சது என்னிக்கு இருந்தாலும் வெளிய வரும். நான் இல்லாட்டி இன்னொருத்தன்.

ஆபீசுக்கு வந்துச்சு. ரெண்டாவது புதங்கிழமை. அது சொன்ன நாளு. நான் போகாம இருந்திருந்தா அன்னிக்குத்தான் வந்து வாங்கியிருக்கும். கொழந்தை இல்லை. மேடம் ரூம்புக்குப் போகலை, நேரா என் மேசைக்கு வந்துச்சு. திட்டும்னு நெனைச்சேன். திட்டியிருந்தா நான் நாலு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன், எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். அந்த உத்தரவை மேசை மேல வச்சுது. அன்னிக்கு ஜாங்கிரிப் பாகு பட்டு ஓரத்துல ஒட்டிப் போயிருந்துச்சு. விரலால நீவி வச்சுது.

"இது எனக்கு வேண்டாங்கய்யா. நீங்க அந்தப் பக்கம் போனா ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இன்னிக்குப் பாப்பாவுக்கு ஊசி. போட்டாங்களான்னு தெரியலை."

அவ்வளவுதான் சொல்லிச்சு. போயிருச்சு.

என்ன? போய்க் கேட்டனான்னா? நான் எப்படிங்க போறது? நோட்டீஸ் இல்லாம ஒரு வீட்டு வாசப்படி ஏறுன பழக்கம் எனக்கு இல்லை. எனக்கு அந்த வீட்டுல என்ன வேலை?

மேடம் கூப்பிட்டாங்க. எனக்கு மக வயசு அவங்களுக்கு. ஃபைலைத் திருப்பி வச்சு, "இதைப் படிங்க சென்னியப்பன்"னாங்க. படிச்சேன். அவர் வரும்போது அவர் கையில் மட்டும் கொடுக்கவும். "இன்னொரு தடவை"ன்னாங்க. படிச்சேன். அஞ்சு தடவை படிக்க வச்சாங்க தம்பி, சின்னப் பையனைப் படிக்க வைக்கற மாதிரி. ஆறாவது தடவைக்கு அவங்களுக்கே அழுகை வந்துருச்சு. அழுகறதுக்கு என்ன இருக்குது, அழுகற ஆளுக்கு ஆபீசர் உத்தியோகம் எதுக்கு? மெமோ குடுத்தாங்க. விசாரணைன்னாங்க. என் பென்சன் பேப்பரு அஞ்சு மாசம் அப்படியே நின்னுபோச்சு. அஞ்சு மாசம் தம்பி. மவன்கிட்டக் கை நீட்டி டீக்குக் காசு வாங்குனேன். ஒரு நல்லது பண்ணப்போனதுக்கு எனக்குக் கெடைச்சது அது. இந்தக் கதையில பாதிக்கப்பட்டது யாருன்னு யாராவது கேட்டாங்களா?

ஆனா ஒண்ணு சொல்லணும். பொய் சொல்லக்கூடாது. தூக்கத்துல அந்தப் புல்லுக்கட்டு வரும். அது எறக்கி வைக்கற மாதிரி. எறக்கி வச்சுட்டே இருக்கும், முடியவே முடியாது. வேற எதுவும் வராது. என் சம்சாரம் இருந்தப்பச் சொல்லும், ஏங்க கையை இப்படித் தூக்கறீங்கன்னு. நானும் கூடப் புடிச்சு எறக்கப் பார்க்கறேன்போல.

அதனாலதான் ரிட்டயர்டாகற அன்னிக்கு மேசையைக் காலி பண்றப்ப இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஃபைல்ல இருக்க வேண்டியது. தப்புதான், யார்கிட்டயும் சொல்லிராதீங்க. இதோ, இந்த உறை. பாகுக் கறை இன்னும் இருக்குது பாருங்க. இது இருந்தாத்தான் பேங்க்ல வரி புடிக்கறதை நிறுத்துவான். புடிச்சதும் திரும்பி வரும். அதுக்கு வர வேண்டியது இன்னும் அப்படியே கெடக்குது. ஒரு பொம்பளைப் புள்ளை தனியா இருக்கற எடத்துல அது எவ்வளவு பெரிய ஒத்தாசை.

எங்க இருக்குதுன்னே ஆறு வருசம் தெரியலை. இந்தப் பொங்கலுக்குத்தான் தெரிஞ்சுது. என் தங்கச்சி மக இந்தக் கம்பெனியில டெய்லரு. பொங்கல் வச்ச போட்டோவைக் காட்டுனா. மூணாவது வரிசையில, ஓரத்துல, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. எனக்கு மொகம் மறக்காதுங்க, தொழில் அப்படி. யாருடி இதுன்னு கேட்டேன். "அது அம்சாக்கா, மாமா. சூப்பர்வைசர் ஆயிருச்சு. யாரோடயும் ரொம்பப் பேசாது. ஊரு எதுன்னுகூடச் சொல்லாது. ஆனா எங்களுக்குக் காய்ச்சல்னா அதுதான் ராத்திரி பூரா உக்காந்திருக்கும்"னா. ஞாயித்துக்கெழமை ஆனா ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போயிருமாம். புள்ளையைக் கேட்டுக் கேசு போட்டிருக்குதாம். அடுத்த மாசம் தீர்ப்பாம். நெலையான வேலை இருக்கணும், தங்கற எடம் நல்ல பேரோட இருக்கணும், கம்பெனியில ஒரு நற்சான்று குடுக்கணும், அப்படின்னாப் புள்ளையைக் குடுத்துருவாங்களாம். பாப்பாவுக்கு இப்ப ஏழு வயசு ஆகியிருக்கும்.

எனக்குக் கேட்டதும் அப்படி ஒரு சந்தோசம். பார்த்தீங்களா, எழுந்திருச்சு நின்னுருச்சு. இந்த நேரத்துல இந்தக் காசும் கையில சேந்தா இன்னும் பலம்தானே? இதுதான் சமயம்னு கெளம்பிட்டேன்.

என்ன தம்பி? அதுக்கு முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேன்னா? போடாம வருவனா? கேட்டில என்னை உள்ள விட வேண்டாமா? சொந்தக்காரங்க தவிர யாரையும் விட மாட்டாங்களாம், அவ்வளவு கட்டுப்பாடு. அந்தப் புள்ளை நம்பர் எனக்கு எதுக்கு? அதுக்குப் போட்டா வேண்டாங்கய்யான்னுதான் சொல்லும், அதோட சுபாவம் தெரியாதா. நேத்துக் காலையில ஹாஸ்டல் வார்டனுக்கே போட்டேன்.

வயசான அம்மா. யாருங்க நீங்க, எதுக்குப் பார்க்கணும்னு கேட்டாங்க. கேக்கத்தானே செய்வாங்க? முந்நூறு பொம்பளைப் புள்ளைங்க இருக்கற எடம். நான் யாரு, எந்த ஆபீசு, என்ன உத்தரவு, எந்தக் கோர்ட்டு, எதுக்கு நஷ்டஈடு, எல்லாம் மொதல்ல இருந்து சொன்னேன். அரை மணி நேரம். தப்பா நெனைச்சுரக் கூடாதேன்னு அந்த ரூம்பு, பூட்டு எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டாங்க.

"அப்படியா"ன்னாங்க. "நாளைக்கு வாங்க. நான் மேனேஜர்கிட்டச் சொல்லி வைக்கறேன்"னாங்க.

நல்ல மாதிரியான அம்மாதான்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கறீங்க? மைப் பொட்டியா? இருக்குது, இருக்குது. அந்தப் புள்ளைக்குக் கையெழுத்து வரும், ஆனா ஒருவேளை வாங்க மாட்டேன்னு சொல்லிருச்சுன்னா? ரெண்டு சாட்சி வேணும்ல. வார்டனம்மா ஒருத்தர், மேனேஜர் ஒருத்தர். ஆளுக்கா பஞ்சம்.

ஊத்துக்குளி தாண்டியாச்சா? பேச்சுல கவனிக்கவே இல்லை. அதோ, அந்தப் பச்சைக் கேட்டுதான். கேட்டுக்கு முன்னாடி என்ன, ஒரே பொம்பளைப் புள்ளைங்களா நிக்குது? ஷிப்டு விடற நேரமா இருக்கும். யாரோ உரச் சாக்கோட நிக்கறாங்களே. இங்க இருந்து மொகம் தெரியலை.

அந்த மஞ்சப்பையைச் சித்த எடுத்துக் குடுங்க தம்பி. பார்த்து, பார்த்து. சாச்சுராதீங்க. ஜாங்கிரி.